குளிர்காலத்துக்குக் கார் தூங்கப்போன கதை

நவம்பர் பிறந்தால் மிச்சிகனில் சில வீட்டு கராஜ் கதவுகள் ஒரு சனிக்கிழமை முழுக்கத் திறந்தே கிடக்கும். உள்ளே ஒரு பழைய கார் பானெட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பக்கத்தில் வாளி, பழந்துணி, எண்ணெய் டப்பா, பாட்டரி சார்ஜர். சாயங்காலம் கதவை மூடினால் ஏப்ரல் வரை அந்தக் கார் வெளியே வராது. வின்டர் ஸ்டோரேஜ் என்பார்கள்.

பனி பெய்கிறது, அதனால் உள்ளே வைக்கிறார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அதே தெருவில் மற்ற கார்கள் எல்லாம் அதே பனியில்தானே ஓடுகின்றன? கொஞ்சம் பழைய புத்தகங்களையும் விளம்பரங்களையும் புரட்டினால் விஷயம் வேறு மாதிரி போகிறது. கார் வந்த காலம் முதல் குளிர்காலத்தில் அதை உள்ளே வைக்கும் பழக்கம் இருந்திருக்கிறது. ஆனால் காரணம் மட்டும் இரண்டு மூன்று முறை முழுசாக மாறிவிட்டது.

இதில் என்னை இழுத்துவிட்டது ஒரு காகிதம். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எண்பது தாண்டிவிட்டது. அவரிடம் 1966 முஸ்டாங் ஒன்று இருக்கிறது. போன வருஷம் முழங்கால் ஒத்துழைக்காததால், காருக்கு அடியில் படுத்துச் செய்யவேண்டிய வேலைக்கு என்னைக் கூப்பிட்டார். கையில் ஒரு பட்டியல் கொடுத்தார். அவருடைய அப்பா பென்சிலால் எழுதியது, 1931 ஃபோர்டு மாடல் ஏ காருக்காக. ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிடு. பாட்டரியை நிலவறைக்குக் கொண்டுபோ. காரைக் கட்டை மேல் ஏற்று. டயரைத் துணியில் சுற்று. பெட்ரோலைக் காலி செய். ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் எண்ணெய். சீட்டுக்கு அந்துருண்டை. ஹேண்ட் பிரேக்கை இழுக்காதே. அவ்வளவுதான். அப்பா எழுதியதை மகன் ஐம்பது வருஷமாக அப்படியே செய்துகொண்டு வந்திருக்கிறார், வேறொரு காருக்கு.

பழைய சாஃப்ட்வேரைப் பராமரிக்கிறவர்களுக்கு இந்த மாதிரிப் பட்டியல் புதிதில்லை. இருபது வருஷம் முன்னாடி யாரோ ஒரு காரணத்துக்காகச் சேர்த்த வரி இருக்கும். காரணம் எப்பவோ போயிருக்கும். ஆனாலும் எடுக்கப் பயம். ஏன்னா எது இன்னும் வேலை செய்கிறது, எது சும்மா நிற்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்லமுடியாது. ஒவ்வொரு வரியாகப் பின்னால் போய்த்தான் பார்க்கணும்.

முதலில் சாலை. 1910களில் வட அமெரிக்கக் கிராமப்புறங்களில் பனியை யாரும் அகற்றவில்லை. அகற்றுவது தப்பு என்றே நினைத்தார்கள். குளிர்காலத்தில் வண்டி என்றால் குதிரை இழுக்கும் சறுக்கு வண்டி, அதற்குப் பனி வேண்டும். அதனால் பெரிய மர உருளைகளைக் குதிரைகளை வைத்து இழுத்துப் பனியை அழுத்திக் கெட்டியாக்கினார்கள். அந்தச் சாலையில் காரின் ஒல்லிச் சக்கரம் இறங்கினால் புதைந்துபோகும். நியூ ஹாம்ப்ஷயரில் வெர்ஜில் ஒயிட் என்ற ஃபோர்டு விற்பனையாளர் மாடல் டி காரின் முன் சக்கரத்தைக் கழற்றிச் சறுக்குப் பலகையும் பின்னால் சங்கிலிப் பட்டையும் பொருத்தி, 'ஸ்னோமொபைல்' என்று பெயர் வைத்து விற்றார். கிராமத்து டாக்டரும் தபால்காரரும் வாங்கினார்கள். மற்றவர்கள் காரை மூடி வைத்துவிட்டுக் குதிரைக்குத் திரும்பினார்கள். நகரத்து கராஜ்களில் இதற்கு 'டெட் ஸ்டோரேஜ்' என்று தனி வாடகையே இருந்தது. தினமும் எடுக்கிற காருக்கு 'லைவ் ஸ்டோரேஜ்'.

காரும் குளிருக்கானதாக இல்லை. 1919ல் அமெரிக்காவில் தயாரான கார்களில் சுமார் பத்தில் ஒன்றுதான் கண்ணாடியும் கூரையும் உள்ள மூடிய கார். மற்றவையெல்லாம் துணிக்கூரை. மைனஸ் பத்து டிகிரியில் அதில் உட்கார்ந்து போவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் நிஜமான எதிரி தண்ணீர். என்ஜினைக் குளிர்விக்க ஓடியது வெறும் தண்ணீர்தான். தண்ணீர் உறையும்போது சுமார் ஒன்பது சதவீதம் விரிவடையும். வார்ப்பிரும்புப் பிளாக்குக்கு நெகிழத் தெரியாது. ஓர் இரவு மறந்தால் பிளாக்கில் விரிசல், என்ஜின் போச்சு. பிளாக்கின் பக்கவாட்டில் வட்டமாகச் சில தகட்டு மூடிகள் இருக்கும், 'ஃப்ரீஸ் பிளக்' என்பார்கள். உறைந்தால் அது தெறித்து பிளாக்கைக் காப்பாற்றும் என்று நிறைய பேர் இன்றும் நம்புகிறார்கள். அந்தத் துளைகள் வார்ப்பின்போது உள்ளே இருக்கும் மணலை வெளியே எடுப்பதற்காக விட்டவை. சில சமயம் தெறித்துக் காப்பாற்றுவதும் உண்டு, அது அதிர்ஷ்டம்.

அதனால் குளிரில் கார் ஓட்டியவர்கள் ராத்திரி ராத்திரி ரேடியேட்டரை வடித்தார்கள், காலையில் வெந்நீர் ஊற்றினார்கள். வடிக்காமல் இருக்க எதையெல்லாமோ கலந்துபார்த்திருக்கிறார்கள்: ஆல்கஹால், கிளிசரின், மண்ணெண்ணெய், கால்சியம் குளோரைடு, தேன்கூட. கால்சியம் குளோரைடு உலோகத்தை அரித்தது. மண்ணெண்ணெய் ரப்பர் ஹோஸைத் தின்றது, தீப்பிடிக்கவும் செய்யும். ஆல்கஹால்தான் பரவலாக நிலைத்தது. அதிலும் ஒரு சிக்கல். மெத்தனால் கொதிப்பது 65 டிகிரியில், எத்தனால் 78ல். என்ஜின் நன்றாகச் சூடானால் ஆல்கஹால் முதலில் ஆவியாகிவிடும், தண்ணீர் மட்டும் மிச்சம். நேற்று பத்திரமாக இருந்த கார் இன்று ராத்திரி உறையலாம். ஹைட்ரோமீட்டரை வைத்து அடிக்கடி அளந்துகொண்டே இருக்கணும்.

ஸ்டார்ட் செய்வது இன்னொரு பாடு. 1912 கேடிலாக்கில் மின்சார ஸ்டார்ட்டர் வந்துவிட்டது. ஆனால் ஊர் முழுக்க ஓடிய மாடல் டி-க்கு 1919ல்தான் வந்தது. அதுவரை கைப்பிடியைச் சுற்றணும். குளிரில் எண்ணெய் கெட்டியாகி, மாடல் டி-யின் கியர் டிரம்களும் கிளட்ச்சும் ஒட்டிக்கொள்ளும். நியூட்ரலில் இருந்தாலும் என்ஜின் பிடித்த அடுத்த நொடி கார் முன்னால் நகரும். முன்னால் நிற்பது கைப்பிடி சுற்றியவர்! அதனால் பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டுத்தான் சுற்றுவார்கள். இவ்வளவு கூத்து அடிப்பதற்குப் பதில் ஏப்ரல் வரை கட்டையில் ஏற்றிவைப்பது புத்திசாலித்தனம்தான். டயரும் அப்போது இயற்கை ரப்பரும் பருத்தி நூலும். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றால் பாழ். கழற்றித் துணி சுற்றி இருட்டில் வைத்தார்கள். பென்சில் பட்டியலில் பாதி இந்த உலகத்திலிருந்து வந்தது.

இந்தப் பாடெல்லாம் ஒரு பத்துப் பதினைந்து வருஷத்தில் கரைந்துபோனது. 1927ல் மூடிய கார்கள் ஐந்தில் நான்காகிவிட்டன. அதே வருஷம் 'பிரஸ்டோன்' என்ற பெயரில் எத்திலீன் கிளைக்கால் கடைக்கு வந்தது. கொதிநிலை 197 டிகிரி என்பதால் ஆவியாகாது. இதில் ஒரு வேடிக்கை: சுத்தமான கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும், தண்ணீரோடு சரிபாதி கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும். இரண்டும் சேர்ந்தால்தான் ஒன்றையொன்று உறையவிடாமல் தடுக்கின்றன. சாலைகளில் பனி தள்ளும் லாரிகள் வந்தன. நியாயமாகப் பார்த்தால் காரை உள்ளே வைக்கும் பழக்கம் அப்போதே செத்திருக்க வேண்டும். தினசரிக் கார்களைப் பொறுத்தவரை செத்தும்போனது.

(பிரிட்டனில் ஒரு கிளைக்கதை உண்டு. 1942 ஜூலையில் சொந்த உபயோகத்துக்கான பெட்ரோல் ரேஷனை அடியோடு நிறுத்தினார்கள். 1945 ஜூன் வரை ஏராளமான கார்கள் செங்கல் மேல் உட்கார்ந்திருந்தன. மூன்று வருஷக் குளிர்காலம் என்று வைத்துக்கொள்ளலாம்.)

பழக்கத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தது உப்பு.

1938ல் நியூ ஹாம்ப்ஷயர் சாலையில் உப்புத் தூவிச் சோதித்துப் பார்த்தது. 1941-42 குளிர்காலத்தில் அதையே பொதுக் கொள்கையாக்கிய முதல் மாநிலமும் அதுதான். அந்தக் குளிர்காலத்தில் அமெரிக்க நெடுஞ்சாலைகள் முழுவதிலும் விழுந்த உப்பு சுமார் 5,000 டன். போருக்குப் பிறகு புறநகர்கள் வந்தன, எல்லோரும் காலை எட்டு மணிக்குக் காரில் வேலைக்குப் போகணும். தார் தெரிகிற அளவுக்குச் சாலை சுத்தமாக இருக்கணும் என்பது அரசாங்கத்தின் கடமையாயிற்று. இன்று அமெரிக்கா வருஷத்துக்கு ஒன்றரைக் கோடி டன்னுக்கும் மேல் உப்பைச் சாலையில் கொட்டுகிறது.

இதில் டெட்ராய்டின் நிலைமைதான் விசித்திரம். உலகத்துக்கே கார் செய்துகொடுத்த இந்த ஊருக்கு அடியில், சுமார் 350 மீட்டர் ஆழத்தில், ஓர் உப்புச் சுரங்கம் இருக்கிறது. 1906ல் குழி தோண்ட ஆரம்பித்து 1910ல் முடித்தார்கள். உள்ளே மைல்கணக்கில் சாலைகள், அதில் லாரிகள் ஓடுகின்றன. வெட்டுகிற உப்பு குளிர்காலத்தில் மேலே சாலைக்கு வருகிறது. மேலே செய்த தகட்டைக் கீழே எடுத்த உப்பு தின்கிறது.

கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்கு உப்பும் இரும்பும் என்ன செய்யும் என்று பாடம் எடுக்கவேண்டாம். ஆனால் காருக்குள் நடப்பது கொஞ்சம் நயவஞ்சகமானது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சாதாரண உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினால் தானாகவே கசிந்து நீராகிவிடும். சாலையில் தெளிக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். பார்வைக்குக் காய்ந்திருக்கும் கராஜிலும் காரின் அடிப்பகுதி ஈரமாகவே இருக்கும். இரும்பு துருப்பிடிக்கும் வேகம் சூட்டோடு கூடும். ஆகவே உப்போடு வந்த காரைக் கழுவாமல் கதகதப்பான கராஜில் நிறுத்துவதைவிட, வெளியே உறைபனியில் நிறுத்துவது தேவலை. பழைய கார்களின் தகடு துத்தநாகம் பூசாதது வேறு. போர்ஷே மாதிரி ஒரு கம்பெனியே 1970களின் நடுவில்தான் 911-இன் உடலை முழுக்கத் துத்தநாகம் பூசிய தகட்டில் செய்ய ஆரம்பித்தது. முஸ்டாங்கில் கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் பெட்டி ஒன்று உண்டு. அதற்குள் துரு விழுந்தால் வெளியே எதுவும் தெரியாது. மழை நாளில் காலடிக் கம்பளம் நனையும்போதுதான் தெரியும்.

ஜெர்மானியர்கள் இதை நம்பர் பிளேட்டிலேயே எழுதிவிட்டார்கள். 1997 முதல் அங்கே பருவகால எண் வாங்கலாம். பிளேட்டின் வலது ஓரத்தில் 04, அதன் கீழே 10 என்றிருந்தால் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைதான் அந்தக் கார் சாலைக்கு வரலாம். வரியும் அந்த மாதங்களுக்கு மட்டும். மற்ற மாதங்களில் தெருவோரம் நிறுத்தினாலே குற்றம்.

கடைசியாக பெட்ரோல். பட்டியல் காலி செய்யச் சொல்கிறது. அந்தக் காலத்துப் பெட்ரோல் நின்றால் பிசினாக உறைந்து கார்புரேட்டரை அடைக்கும். மாடல் ஏ-யின் டாங்க் வேறு டிரைவரின் முழங்காலுக்கு நேர் எதிரே, டாஷ்போர்டுக்குப் பின்னால் இருந்தது. மூடிய கொட்டகையில் அது நிரம்பியிருப்பதை யார்தான் விரும்புவார்? இன்றைய பெட்ரோலில் பத்து சதவீதம் எத்தனால். அது ஈரத்தை உறிஞ்சும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டாங்கின் அடியில் தங்கி, தகட்டை உள்ளிருந்து அரிக்கும். டாங்கைக் காலியாக விட்டாலும் உள்ளே ஈரக்காற்று, துரு. எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைத்தால் அதை நிரப்பி, ஸ்டெபிலைஸர் ஊற்றி, பத்து நிமிஷம் ஓட்டி கார்புரேட்டர் வரை கொண்டுபோவதுதான் இப்போதைய முறை.

பெரியவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தோம். ரேடியேட்டரை வடிக்கும் வரியை எடுத்துவிட ஒப்புக்கொண்டார். காலியான ரேடியேட்டரில் காற்று புகுந்து துருதான் பிடிக்கும். புதுக் கூலன்டில் துருத் தடுப்பான் இருக்கிறது. பெட்ரோல் வரியைத் தலைகீழாக்கினோம். பாட்டரி வரி அப்படியே நிற்கிறது. முழு சார்ஜில் அதன் அமிலம் மைனஸ் 60ல்கூட உறையாது, சார்ஜ் இறங்கினால் மைனஸ் எட்டு பத்திலேயே உறைந்து வெடிக்கும். ஹேண்ட் பிரேக் வரியும் நிற்கிறது: இழுத்துவிட்டால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சிலிண்டர் எண்ணெயும் இருக்கட்டும் என்றார், சரி என்றேன். அந்துருண்டை நாற்றம் மே மாசம் வரை போகாது என்று அவர் மனைவி வெட்டிவிட்டார்.

பட்டியலில் இல்லாத இரண்டைச் சேர்த்தோம். முதல் உப்பு லாரி தெருவுக்கு வருவதற்கு முன்பே காரின் அடிப்பகுதியைக் கழுவிக் காயவைத்து உள்ளே விடணும். என்ஜின் ஆயிலை வைக்கும்போதே மாற்றணும், வசந்தத்தில் இல்லை. ஓடிய ஆயிலில் எரிந்த பெட்ரோலின் அமிலமும் நீரும் கலந்திருக்கும். அதில் பேரிங்குகளை ஐந்து மாதம் ஊறப்போடுவானேன்? நடுவில் பத்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து அணைக்கிற வழக்கத்தையும் அவர் விடணும் என்றேன். எரிபொருள் எரிந்தால் நீராவி வரும். அரைச்சூட்டில் அணைத்தால் அது சைலன்ஸரிலும் ஆயிலிலும் தங்கிவிடும். மூடிய கராஜில் கார்பன் மோனாக்ஸைடு வேறு. 1920களின் குளிர்காலங்களில் அப்படி என்ஜினைச் சூடேற்றப் போய் எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள்.

கட்டை விஷயத்தில்தான் ஒத்துவரவில்லை. சக்கரத்தைத் தூக்கினால் சஸ்பென்ஷன் முழுக்கத் தொங்கும், ஷாக் அப்சார்பரின் பளபளக்கும் தண்டு வெளியே நீட்டிக்கொண்டு துருப்பிடிக்கும், இன்றைய டயருக்குக் காற்று கொஞ்சம் கூட்டி வைத்தாலே போதும் என்றெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சுவரோரம் இருந்த நான்கு ஓக் கட்டைகளைக் காட்டினார். அப்பா அறுத்தது. ஆக்ஸிலுக்கு அடியில் வைத்தோம், சக்கரம் தரையை விடாத உயரத்தில்.

வெளியே எடுக்கும் தேதியை அவர் காலண்டரில் பார்ப்பதில்லை. பனி உருகினால் போதாது, அதற்குப் பிறகு இரண்டு மூன்று பெரிய மழை பெய்து சாலை ஓரத்து வெள்ளைக் கோடு மறையணும். இந்த வருஷம் அது ஏப்ரல் மூன்றாம் வாரம் வரை மறையவில்லை.