எஸ்பெராண்டோ மொழியில் முற்றுப்பெற்ற செயல்: 'அதா – இதா' விவாதம்

முன்னுரை

ஒருவரால் திட்டமிட்டு உருவாக்கப்பட்ட மொழியின் இலக்கணத்தில் ஐயத்திற்கு இடமிராது என்பது பொதுவான கருத்து. சமன்ஹோஃப் 1887இல் வார்சாவில் வெளியிட்ட எஸ்பெராண்டோவின் வரலாறு இக்கருத்தை மறுக்கிறது. முற்றுப்பெற்ற செயலைச் செயப்பாட்டுவினையில் உணர்த்தும் முறை குறித்து அம்மொழியில் எழுந்த விவாதத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

விதியின் நிலை

எஸ்பெராண்டோவின் அடிப்படை இலக்கணம் 16 விதிகளைக் கொண்டது. 1905இல் பூலோன் நகரில் கூடிய முதல் உலக மாநாடு அவ்விதிகள் அடங்கிய 'ஃபுண்டமென்டோ' நூலை மாற்றலாகாத அடிப்படையாக ஏற்றது. ஆறாம் விதி செயப்பாட்டு எச்சத்திற்கு 'அத்', 'இத்', 'ஒத்' என்னும் விகுதிகளைத் தந்து, அவற்றை முறையே நிகழ்காலம், இறந்தகாலம், எதிர்காலம் எனப் பெயரிடுகிறது. இக்காலம் பேசும் நேரத்தைச் சார்ந்ததா, உடன்வரும் துணைவினையின் காலத்தைச் சார்ந்ததா, அன்றிச் செயலின் முற்றுநிலையைக் குறிப்பதா என விதி விளக்கவில்லை.

இரு தரப்பு வாதங்கள்

'அவ்வீடு 1900இல் கட்டப்பட்டது' என்னும் தொடரை எடுத்துக்கொள்ளலாம். காலக்கொள்கையினர் 'எஸ்திஸ் கோன்ஸ்த்ருஅதா' என்பதே சரி என்றனர். துணைவினை சுட்டும் காலமும் செயலின் காலமும் ஒன்றாதலின் நிகழ்கால எச்சமே பொருந்தும். 'கோன்ஸ்த்ருஇதா' எனின் வீடு 1900க்கு முன்பே கட்டப்பட்டிருந்தது என்றாகும் என்பது அவர்தம் வாதம். நிகழ்வையும் அதன் விளைவான நிலையையும் வெவ்வேறு துணைவினைகளால் பிரித்துணர்த்தும் ஜெர்மன் முதலிய மொழிகளைப் பேசுவோர்க்கு இது இயல்பாகத் தோன்றியது.

முற்றுநிலைக் கொள்கையினர் இதற்கு மாறாக, 'அதா' தொடர்ச்சியையும் 'இதா' நிறைவையும் குறிப்பதாகக் கொண்டனர். அவர்கள் நோக்கில் 'கோன்ஸ்த்ருஅதா' என்பது 1900இல் கட்டுமானம் நடந்துகொண்டிருந்தது என்றே பொருள்படும். பணி நிறைவுற்றதைக் கூற 'இதா' வேண்டும்.

1967 முடிவு

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கடுமையடைந்த இவ்விவாதத்தில் எஸ்பெராண்டோ அகாதமி 1967இல் தன் முடிவை அறிவித்தது. விதியின் சொற்களைவிடச் சமன்ஹோஃபின் எழுத்துகளில் காணப்படும் ஆட்சியையே அது பெரிதும் சான்றாகக் கொண்டது. தொடர்ச்சிக்கும் மீள்நிகழ்வுக்கும் 'அதா', நிறைவுக்கு 'இதா' என்பது உறுதியாயிற்று.

முடிவுரை

விதியை வகுத்தவரே அவ்விதியின் பெயர்களுக்குள் அடங்காத ஒரு வேறுபாட்டைத் தம் எழுத்தில் கையாண்டுள்ளார். ஆகவே, உருவாக்கப்பட்ட மொழியிலும் விதியின் பொருளை இறுதியில் வரையறுப்பது வழக்கே என்பது புலனாகிறது.