வராத வண்டியும் வருகைப் பதிவேடும்



போன வாரம் கண் ஆஸ்பத்திரிக்குப் போவதற்காக நம் ஊர் ஆலமரத்து ஸ்டாப்பில் ஒன்றேகால் மணி நேரம் நின்றேன். 10.20 டவுன் பஸ் வரவே இல்லை. பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர், "டிக்கெட் வேணாம்னாங்க சார், இப்ப வண்டியும் வேணாம்னுட்டாங்க போல" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய நினைவு ஒன்று வந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். வரலாற்று வாத்தியாருக்கு எரிச்சலைக்கூட ஆண்டு வரிசையில்தான் சொல்ல வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1912-ல் மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் பேருந்து விட்டதிலிருந்துதான் நம் பக்கத்துப் பேருந்துக் கதையைத் தொடங்குவது வழக்கம். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, பின்பக்கம் கரி அடுப்பு வைத்து அந்தப் புகையில் வண்டி ஓட்டினார்கள். மேட்டில் ஏற முடியாமல் நின்றால் பயணிகள் இறங்கித் தள்ளிய கதையை என் தாத்தா சொல்லியிருக்கிறார். என் சின்ன வயதில் இங்கே ஓடியது எல்லாம் தனியார் வண்டிதான். வசூல் வரும் தடத்தில் முந்திக்கொண்டு ஓடுவார்கள். உள் கிராமத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

1967-க்குப் பிறகு பேருந்துகளை அரசுடைமை ஆக்கும் வேலை வேகம் பிடித்தது. நிறைய வண்டி வைத்திருந்த பெரிய முதலாளிகளிடமிருந்து அவற்றை எடுத்துக்கொள்ள 1971-ல் தனிச் சட்டமே வந்தது. அதையொட்டி பல்லவன், சேரன், சோழன், பாண்டியன் என்று போக்குவரத்துக் கழகங்கள் பிறந்தன. கட்டபொம்மன் 1974-ல் வந்தது. மூவேந்தர் பாடம் நடத்த எனக்கு அது எவ்வளவு வசதியாக இருந்தது என்று உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். பிறகு ஒரு கழகத்துக்கு வைத்த பெயரையொட்டித் தென் மாவட்டங்களில் கலவரம் மூண்டு, 1997-ல் தலைவர்கள், மன்னர்கள் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு 'தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்' என்பது போன்ற பொதுப் பெயர்களை வைத்தார்கள்.

அரசு வண்டி வந்ததால் உள் கிராமங்களுக்குக் கிடைத்த பெரிய வரம் ஹால்ட் பஸ். ராத்திரி கடைசி டிரிப்பாக வந்து ஊரிலேயே தங்கி, விடிந்ததும் முதல் வண்டியாகக் கிளம்பும். டிரைவரும் கண்டக்டரும் கோயில் திண்ணையில் படுத்துக்கொள்வார்கள். ராத்திரி வண்டி வராவிட்டால் மறுநாள் காலை வண்டியும் கிடையாது. இந்தச் சின்னக் கணக்கு எனக்குப் பல வருஷம் தெரியாமல் போனதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

நான் நேரத்தில் கறார் என்பது உங்களுக்குத் தெரியும். தாமதமாக வந்தால் வேப்பமரத்தடியில் நிற்க வேண்டும். முதல் பாடவேளை முடிந்து வந்தால் காலை வருகை கிடையாது. 1990-91-ல் ஒன்பதாம் வகுப்பில் மேற்கே ஒரு கிராமத்திலிருந்து ஏழு பிள்ளைகள் படித்தார்கள். அவர்களில் ஒரு பெண் பிள்ளை அடிக்கடி மரத்தடியில் நிற்கும். ஏன் லேட் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளும். திமிர் என்று நினைத்தேன்.

1991 பிப்ரவரியில் மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்கு அந்த ஊர் எனக்கு ஒதுக்கப்பட்டது. வீடு வீடாக எழுதி முடித்து, சாயங்கால வண்டிக்காக நின்றேன். இருட்டியும் வரவில்லை. ஒருவர் அரிக்கேன் விளக்கோடு வந்து, "சார், இன்னைக்கு ஹால்ட் வண்டி வராது. நம்ம வீட்டுல தங்கிக்கங்க" என்று கூட்டிப்போனார். அந்தப் பிள்ளையின் அப்பா அவர். சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னார்: "ராத்திரி வண்டி வரலைன்னா காலையில பாப்பா நடந்துரும் சார். ஏழு கிலோமீட்டர்தானே." மறுநாள் அந்த ஏழு பேரோடும் நானும் நடந்தேன். பள்ளிக்குப் போய்ச் சேரும்போது இரண்டாம் பாடவேளை. என்னை யாரும் மரத்தடியில் நிறுத்தவில்லை.

அன்று மாலை வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். ஏழு பேருக்கும் நான் காலை வருகை மறுத்த நாட்கள் அநேகமாக ஒரே நாட்கள். தேதிக் காலண்டரை எடுத்து ஒப்பிட்டேன். பெரிய முகூர்த்தம், பௌர்ணமி, தைப்பூசம், பக்கத்து நகரத்தில் மாநாடு. அந்தப் பதிவேட்டில் நான் பிள்ளைகளின் ஒழுக்கத்தை எழுதி வைத்திருக்கவில்லை. வண்டி வராத நாட்களைத்தான் எழுதி வைத்திருந்தேன்.

அதைப் பிரதி எடுத்துக்கொண்டு டெப்போவுக்குப் போனேன். மேலாளர் நல்ல மனிதர், மறைக்கவில்லை. "ஸ்பெஷல் பஸ் விட வண்டி வேணும் சார். கலெக்‌ஷன் கம்மியான ரூட்லேருந்துதான் எடுக்க முடியும். உங்க பிள்ளைங்க பாஸ்ல வர்றாங்க, அதுல என்ன கலெக்‌ஷன்?" இருந்தாலும் கொஞ்ச மாதம் வண்டி ஒழுங்காக வந்தது. பிறகு பழையபடிதான். பள்ளியில் மட்டும், ஹால்ட் வராத நாளில் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் காலை வருகை உண்டு என்று தலைமையாசிரியரிடம் பேசி முடிவு செய்தோம். அந்தப் பிள்ளை பத்தாவதோடு நின்றுவிட்டது. மேல்நிலைக்கு இன்னொரு பஸ் மாற வேண்டும். பேருந்து மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். மரத்தடியும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

1997-ல் மினி பஸ் திட்டம் வந்து, வண்டியே பார்க்காத ஊர்களுக்கும் வண்டி போனது. 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானது. இரண்டுமே பெரிய காரியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நூல் மில்லுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் போகும் எத்தனை பெண்கள் கையில் மாதாமாதம் காசு மிஞ்சுகிறது! ஆனால் வழித்தடம் கிடைத்தது, கட்டணம் போனது, நேரத்துக்கு மட்டும் இன்றைக்கும் பொறுப்பாளி இல்லை. ஒரு சிங்கிள் ரத்தானால் அதன் விலையைக் கட்டுவது சம்பளம் பிடிக்கப்படும் கூலித் தொழிலாளியும், மரத்தடியில் நிற்கும் பிள்ளையும்தான்.

உங்களில் சிலர் இன்று அரசுப் பேருந்தில் கண்டக்டர், டிரைவர். உங்களைக் குறை சொல்லவில்லை. டபுள் டூட்டி பார்த்துவிட்டு வண்டியிலேயே தூங்குவதை அறிவேன். சிலர் ஆசிரியர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். லேட்டாக வரும் பிள்ளையிடம் முதலில், "இன்னைக்கு வண்டி வந்துச்சா?" என்று கேளுங்கள். மற்றவர்கள் உங்கள் ஊர் வண்டி வந்த நேரத்தையும் வராத நாளையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மனு கொடுக்கும்போது தேதியோடு இருந்தால் தட்டிக்கழிக்க முடியாது.

வேப்பமரத்தடியில் நின்ற அந்த ஏழு பேரில் யாராவது இதைப் படித்தால், தவறு என்னுடையது, மன்னித்துவிடுங்கள். இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்