இங்க்லிங்ஸ் நண்பர் வட்டமும் நூல் பரிந்துரையும்

இங்க்லிங்ஸ் என்பது இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் 1930-களிலும் 1940-களிலும் இயங்கிய எழுத்தாளர் நண்பர் வட்டம் ஆகும். சி. எஸ். லூயிஸ் (1898–1963), ஜே. ஆர். ஆர். டோல்கீன் (1892–1973), சார்லஸ் வில்லியம்ஸ் (1886–1945) ஆகியோர் இதில் முதன்மையானவர்கள். வேற்றுக் கோள்களையும் வருங்காலத்தையும் பற்றிய அறிவியல் புனைகதைகளும், மந்திர உலகங்களைச் சித்திரிக்கும் கனவுருப்புனைவுகளும் இலக்கிய உலகில் பெரிய மதிப்புப் பெறாத காலம் அது. அக்காலத்தில் இந்நண்பர்கள் அவ்வகை நூல்களைத் தேடிப் படித்தனர், ஒருவருக்கொருவர் பரிந்துரைத்தனர், பின்னர்த் தாங்களே எழுதவும் செய்தனர். இவ்வட்டத்தின் வரலாற்றில் முக்கியமான திருப்பங்கள் பலவற்றில், ஒரு நண்பர் இன்னொருவர் கையில் ஒரு நூலையோ கைப்பிரதியையோ கொடுத்துப் படிக்கச் சொன்ன நிகழ்ச்சி ஒன்று இருப்பதைக் காணலாம்.

பெல்பாஸ்டில் தொடங்கிய நட்பு

லூயிஸ் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் பிறந்தவர். எதிர்வீட்டில் வசித்தவர் ஆர்தர் கிரீவ்ஸ். 1914-ஆம் ஆண்டு ஆர்தர் உடல்நலமின்றிப் படுத்திருந்தபோது, 15 வயதான லூயிஸ் அவரைக் காணச் சென்றார். படுக்கை அருகே மேசை மீது வட ஐரோப்பிய நார்ஸ் தொன்மக் கதைகள் அடங்கிய புத்தகம் ஒன்று கிடந்தது. அவ்வகைக் கதைகளை விரும்புபவர் உலகில் தாம் ஒருவரே என்று இருவருமே அதுவரை எண்ணியிருந்தனர். அந்த ஒரு புத்தகத்தால் உருவான நட்பு லூயிஸின் இறுதிக்காலம் வரை, ஏறத்தாழ 50 ஆண்டுகள் நீடித்தது.

படிப்புக்காக லூயிஸ் இங்கிலாந்து சென்ற பின் இந்த நட்பு கடிதங்கள் மூலம் வளர்ந்தது. எந்த நூல், எந்தப் பதிப்பு, தாளும் கட்டமைப்பும் எப்படி என்றெல்லாம் இருவரும் எழுதிக்கொண்டனர். 1916 மார்ச் மாதம் லெதர்ஹெட் இரயில் நிலையப் புத்தகக் கடையில் லூயிஸ் ஒரு மலிவுப் பதிப்பை வாங்கினார். அது ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஜார்ஜ் மெக்டொனால்டு 1858-இல் வெளியிட்ட ‘ஃபேண்டஸ்டீஸ்’ என்ற கனவுருப்புனைவு. சில நாட்களுக்குள் ஆர்தருக்குக் கடிதம் எழுதி, அதை உடனே வாங்கிப் படிக்கும்படி வற்புறுத்தினார். தம் வாழ்க்கையையே மாற்றிய நூல்களில் ஒன்றாக அதைப் பிற்காலத்தில் குறிப்பிட்டார்.

பரிந்துரை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரவில்லை. மாய உலகங்களிலேயே மூழ்கியிருந்த லூயிஸை வால்டர் ஸ்காட், பிராண்டி சகோதரிகள், ஜேன் ஆஸ்டின் ஆகியோரின் நாவல்களின் பக்கம் இழுத்து வந்தவர் ஆர்தர். அன்றாட வாழ்வின் எளிய அழகைக் காணக் கற்றுத் தந்தவர் அவரே என்று லூயிஸ் தம் தன்வரலாற்றில் நன்றியுடன் பதிவு செய்துள்ளார்.

கரி கடிப்போர் குழு

1926-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆங்கிலத் துறை ஆசிரியர் கூட்டம் ஒன்றில் லூயிஸும் டோல்கீனும் முதன்முதலில் சந்தித்தனர். டோல்கீன் அங்குப் பழைய ஆங்கிலப் பேராசிரியர். அதே ஆண்டு அவர் ‘கோல்பீட்டார்’ என்ற வாசிப்புக் குழுவைத் தொடங்கினார். இது ஐஸ்லாந்து மொழிச் சொல். குளிருக்கு அஞ்சி, கரியைக் கடிப்பவர் போல் அடுப்போடு ஒட்டி உட்கார்ந்திருப்பவர்கள் என்பது இதன் பொருள். உறுப்பினர்கள் ஐஸ்லாந்தின் பழைய வீரகதைகளை மூலமொழியிலேயே சிறிது சிறிதாகப் படித்து மொழிபெயர்த்தனர். இளமையில் ஆர்தரின் படுக்கையருகே லூயிஸ் கண்ட அதே கதையுலகம் இப்போது புதிய நண்பரோடு அவரை இணைத்தது.

1929 இறுதியில் டோல்கீன், தாம் எழுதி வந்த பெரன், லூத்தியன் காதலைப் பற்றிய நெடுங்கவிதையை லூயிஸிடம் படிக்கக் கொடுத்தார். லூயிஸ் ஓர் இரவில் அதைப் படித்து மகிழ்ந்து மறுநாளே கடிதம் எழுதினார். பின்னர் விரிவான திறனாய்வையும் அனுப்பினார். அதில் ஒரு வேடிக்கை இருந்தது. அக்கவிதையைப் பழங்கால ஏட்டுச்சுவடி போலவும், அதன் பாடவேறுபாடுகளைப் பற்றிப் பல அறிஞர்கள் வாதிடுவது போலவும் கற்பனை செய்து, அந்தக் கற்பனை அறிஞர்களின் வாயிலாகவே குறைகளைச் சொல்லியிருந்தார். இவ்வாறு, நண்பரைப் புண்படுத்தாமல் உண்மையைச் சொல்ல முடிந்தது. அவர் குறை கண்ட அடிகளில் பெரும்பாலானவற்றை டோல்கீன் திருத்தி எழுதினார். ஆயினும் லூயிஸ் எழுதிக் காட்டிய மாற்று அடிகளை மிக அரிதாகவே ஏற்றுக்கொண்டார்.

‘தி ஹாபிட்’ கைமாறிய வழி

டோல்கீன் தம் பிள்ளைகளுக்காக எழுதிய ‘தி ஹாபிட்’ கதையின் பிரதியை 1933 தொடக்கத்தில் லூயிஸ் படித்தார். படித்ததும் அந்தச் செய்தியைப் பெல்பாஸ்டில் இருந்த ஆர்தருக்குத்தான் எழுதினார். ஆயினும் கதை அச்சேறாமல் கிடந்தது.

அது வெளியுலகை அடைந்ததும் நண்பர்கள் வழியாகவே. டோல்கீனின் முன்னாள் மாணவி எலெய்ன் கிரிஃபித்ஸ் அக்கதையைப் பற்றித் தம் தோழி சூசன் டக்னலிடம் சொன்னார். ஜார்ஜ் ஆலன் அண்ட் அன்வின் பதிப்பகத்தில் பணியாற்றிய டக்னல், 1936-இல் பிரதியை வாங்கிப் படித்து, கதையை முடித்துத் தரும்படி டோல்கீனை ஊக்கினார். பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் அதைத் தம் 10 வயது மகன் ரெய்னரிடம் கொடுத்தார். சிறுவர் நூலுக்குச் சிறுவரே நல்ல நடுவர் என்பது அவர் எண்ணம். ஐந்து முதல் ஒன்பது வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்று ரெய்னர் அறிக்கை எழுதினான். அதற்கு அவன் பெற்ற ஊதியம் ஒரு ஷில்லிங். நூல் 1937 செப்டம்பர் 21 அன்று வெளிவந்தது. முதற்பதிப்பில் 1,500 படிகள் அச்சிடப்பட்டன.

‘டைம்ஸ் லிட்டரரி சப்ளிமெண்ட்’ இதழில் அந்நூலுக்கு மதிப்புரை எழுதியவர் லூயிஸ். அக்காலத்தில் அவ்விதழின் மதிப்புரைகள் எழுதியவர் பெயரின்றியே வெளிவந்தன. நண்பரின் நூலை நண்பரே பெயர் தெரியாமல் பாராட்டியது இன்றைய அளவுகோலில் கேள்விக்கு உரியதே. எனினும் லூயிஸ் அதை நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, பதிப்பாளர் எவரும் அறியாத நிலையில் விரும்பிப் படித்தவர் என்பதையும் இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

ஒரு நாவல் சேர்த்துவைத்த நண்பர்

1936-இல் நெவில் கோகில் என்ற ஆசிரிய நண்பர் லூயிஸிடம் ‘தி பிளேஸ் ஆஃப் தி லயன்’ என்ற நாவலைப் பரிந்துரைத்தார். 1931-இல் வெளிவந்த அதன் ஆசிரியர் சார்லஸ் வில்லியம்ஸ். அவர் அப்போது லண்டனில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தில் பணியாற்றினார். லூயிஸ் தாம் படித்ததோடு நிற்கவில்லை; டோல்கீனையும் தம் அண்ணன் வாரனையும் படிக்க வைத்தார். பின்னர், முன்பின் அறியாத அந்த ஆசிரியருக்கே பாராட்டுக் கடிதம் எழுதினார்.

அதே நாட்களில் வில்லியம்ஸ், லூயிஸ் எழுதிய ‘தி அலிகரி ஆஃப் லவ்’ என்ற ஆய்வு நூலின் அச்சுப்படிகளைத் தம் அலுவலகத்தில் படித்து வியந்துகொண்டிருந்தார். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் தமது பாராட்டுக் கடிதமும் புறப்பட்டிருக்கும் என்று அவர் பதில் எழுதினார். இருவரும் நண்பர்களாயினர். 1939-இல் போர் தொடங்கியதும் அச்சக அலுவலகம் ஆக்ஸ்போர்டுக்கு மாற்றப்பட்டது. வில்லியம்ஸும் அங்கு வந்து வட்டத்தில் இணைந்தார்.

வியாழக்கிழமைக் கூட்டங்கள்

‘இங்க்லிங்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சிறு குறிப்பு, மங்கலான எண்ணம் என்று பொருள். மை என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் அதற்குள் அடங்கியிருப்பதால் பெயர் இருபொருள் தந்தது. முதலில் இது ஒரு மாணவர் குழுவின் பெயர். அக்குழு கலைந்த பின் லூயிஸின் நண்பர் வட்டம் அப்பெயரை எடுத்துக்கொண்டது. விதிகளோ, தேர்தலோ, கூட்டக் குறிப்பேடோ இவ்வட்டத்தில் இல்லை.

வியாழக்கிழமை இரவுகளில் மாட்லின் கல்லூரியில் இருந்த லூயிஸின் அறையில் நண்பர்கள் கூடினர். தேநீர் வந்ததும், யாராவது படிக்க ஏதேனும் கொண்டு வந்திருக்கிறாரா என்று லூயிஸ் கேட்பார். எழுதிக்கொண்டிருந்த நூலின் பகுதிகளை வாய்விட்டுப் படிப்பதும், கேட்டவர்கள் தயவு தாட்சண்யமின்றிக் கருத்துச் சொல்வதும் வழக்கம். வார நாட்களில் ஒரு முற்பகலில் ‘ஈகிள் அண்ட் சைல்ட்’ என்ற மதுவகத்திலும் சந்தித்தனர். அங்கு உரையாடல் மட்டுமே நடைபெறும். 1949-இல் வியாழக்கிழமைக் கூட்டங்கள் நின்றன.

இருவர் செய்த உடன்பாடு

டேவிட் லிண்ட்சே 1920-இல் எழுதிய ‘எ வாயேஜ் டு ஆர்க்ட்யூரஸ்’ என்ற விண்பயண நாவல் மிகக் குறைவாகவே விற்பனையானது. அதை லூயிஸும் டோல்கீனும் ஆர்வத்துடன் படித்தவர்கள். தமக்குப் பிடித்த வகைக் கதைகள் போதிய அளவில் கிடைக்காததால், தாங்களே எழுதுவது என்று ஏறத்தாழ 1936-இல் இருவரும் முடிவு செய்தனர். விண்பயணக் கதை லூயிஸுக்கும் காலப்பயணக் கதை டோல்கீனுக்கும் அமைந்தன.

லூயிஸ் ‘அவுட் ஆஃப் தி சைலண்ட் பிளானட்’ நாவலை எழுதி முடித்தார். டோல்கீனின் ‘தி லாஸ்ட் ரோடு’ பாதியில் நின்றுவிட்டது. தம் பங்கு நிறைவேறாத நிலையிலும் டோல்கீன், 1938-இல் ஸ்டான்லி அன்வினுக்கு எழுதி நண்பரின் நாவலைப் பரிந்துரைத்தார். பதிப்பகத்தின் மதிப்பீட்டாளர் கருத்து சாதகமாக இல்லாதபோதும், மீண்டும் விரிவாக எழுதி நூலுக்காக வாதாடினார். இறுதியில் அன்வினுக்குத் தொடர்புடைய பாட்லி ஹெட் என்ற மற்றொரு பதிப்பகம் அதை 1938-இலேயே வெளியிட்டது.

கருத்து வேறுபாடுகள்

நண்பர்களின் சுவை எல்லா இடத்திலும் ஒத்திருக்கவில்லை. வில்லியம்ஸின் நூல்கள் டோல்கீனின் மனத்தில் ஒட்டவில்லை. டோல்கீன் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ பகுதிகளைப் படிப்பதை ஹியூகோ டைசன் என்ற உறுப்பினர் வெறுத்தார். அவர் இருக்கும் கூட்டங்களில் வாசிப்பு தடைப்பட்டது. 1949-இல் லூயிஸ் ‘நார்னியா’ கதையின் தொடக்கத்தைக் காட்டியபோது டோல்கீனுக்கு அது பிடிக்கவில்லை. வெவ்வேறு தொன்மங்களின் பாத்திரங்களை ஒரே உலகில் கலந்தது அவருக்கு உடன்பாடாக இல்லை. லூயிஸ் தயங்கினார். ரோஜர் லான்ஸ்லின் கிரீன் என்ற மற்றொரு நண்பர் ஊக்கமளித்த பின்பே அக்கதை முழுமை பெற்றது. 1950 முதல் 1956 வரை ஏழு நூல்களாக வெளிவந்து இன்றும் படிக்கப்படுகிறது.

இத்தகைய வேறுபாடுகளாலும் பிற காரணங்களாலும் இருவரின் நெருக்கம் குறைந்தது. ஆனாலும் நூலின் தகுதியைச் சொல்வதில் லூயிஸ் பின்வாங்கவில்லை. 1954–55-இல் வெளிவந்த ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நூலை இதழில் பாராட்டி எழுதினார். 1961-ஆம் ஆண்டு இலக்கிய நோபல் பரிசுக்கு டோல்கீனின் பெயரை முன்மொழிந்தவரும் அவரே. அவ்விவரங்கள் 50 ஆண்டுகள் வெளியிடப்படுவதில்லை என்பதால் உலகம் இதை 2012-இல்தான் அறிந்தது. லூயிஸ் இறந்த பின் டோல்கீன் தம் கடனைத் தெளிவாகவே ஒப்புக்கொண்டார். தாம் அவரிடம் பெற்றது ஊக்கமே என்றும், நெடுங்காலம் தமக்குக் கிடைத்த ஒரே வாசகர் அவர்தான் என்றும் எழுதினார்.

ஆர்தர் சி. கிளார்க்கின் நாவல்

பின்னாளில் இலங்கையில் குடியேறி, 2008-இல் கொழும்பில் மறைந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் இவ்வரலாற்றில் இடம்பெறுகிறார். விண்பயண ஆர்வலர்களை லூயிஸ் தம் நாவலில் இகழ்ந்ததாகக் கருதி, 1943-இல் கிளார்க் அவருக்கு மறுப்புக் கடிதம் எழுதினார். இருவரிடையே கடிதப் போக்குவரத்து தொடர்ந்தது.

அமெரிக்க எழுத்தாளர் ஜாய் டேவிட்மன் இருதரப்பையும் அறிந்தவர். அவர் பிற்காலத்தில் லூயிஸை மணந்தார். லண்டனில் கிளார்க் முதலான அறிவியல் புனைகதையாளர்கள் வியாழக்கிழமைதோறும் கூடிய மதுவகத்துக்கும் அவர் சென்று வந்தார். 1953-இல் வெளிவந்த கிளார்க்கின் ‘சைல்டுஹுட்ஸ் எண்ட்’ நாவலைப் பற்றி லூயிஸிடம் பேசியபோது அவர் பெரிதாகப் புகழவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் அதைப் படித்து முடித்த லூயிஸ் அவருக்கு வியந்து எழுதினார். எதிர்பார்ப்பை மிகுதியாக்கி ஏமாற்றம் தரக்கூடாது என்றே அவர் அடக்கி வாசித்திருக்க வேண்டும் என்று ஊகித்தார். ஆர்க்ட்யூரஸ் நாவலுக்கும் எச். ஜி. வெல்ஸின் சிறந்த படைப்புக்கும் நெருக்கமான இடத்தை அந்நூலுக்கு அளித்தார். தம்மை மறுத்து எழுதியவரின் நூல் என்பது அந்த மதிப்பீட்டுக்குத் தடையாகவில்லை.

மதிப்பீடு

நண்பரின் சுவையை அறிந்து பரிந்துரைத்தல், பிடிக்காததை மறைக்காமல் சொல்லுதல், பிடித்த நூலுக்காகப் பிறரிடம் வாதாடுதல் ஆகிய மூன்றையும் இவ்வட்டத்தில் காண முடிகிறது. இவற்றில் இரண்டாவது நட்புக்கே இழப்பை உண்டாக்கியது. ஆயினும் அந்த நேர்மை இருந்ததால்தான் பாராட்டுக்கும் மதிப்பு இருந்தது. சிறுவனாக அறிக்கை எழுதிய ரெய்னர் அன்வின் வளர்ந்து தந்தையின் பதிப்பகத்தில் சேர்ந்தார். 1,000 பவுண்டு வரை இழப்பு வரலாம் என்று கணக்கிட்ட பிறகும், ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நூலை வெளியிட வேண்டும் என்று தந்தையிடம் பரிந்துரைத்தவர் அவர். தந்தையும் இசைந்தார்.