எல்லைக்கோடு நடுவால் போன மண்டபம்

ஃபிரீமேசன் என்ற பெயரைக் கேட்டதும் எங்களவர்களுக்கு முதலில் வருவது சந்தேகம்தான். உலகத்தை ஆளும் இரகசியக் கூட்டம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைகள் கொஞ்சமல்ல. அந்த வாதத்துக்குள் இன்று நாம் போகவில்லை. வரலாறு படிப்பிக்கிறவர்கள் என்ற வகையில் எங்களைப் பிடித்துக்கொண்டது அவர்களுடைய ஒரு மண்டபத்தின் கதை.

1803இல் அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தில், டார்பி என்ற எல்லையோர ஊரில் 'லைவ்லி ஸ்டோன்' என்ற லொட்ஜ் தொடங்கியது. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஸ்டான்ஸ்டெட். இன்று கனடா, அன்று பிரித்தானிய ஆட்சி. ஆனால் ஸ்டான்ஸ்டெட்டில் குடியேறியவர்களில் அதிகமானோர் நியூ இங்கிலாந்திலிருந்து போனவர்களே. கொண்டான் கொடுத்தான் உறவு இரண்டு பக்கமும் இருந்தது. ஆகவே லொட்ஜுக்கு இரு நாட்டாரும் வந்தார்கள். மண்டபமும் எல்லைக்கோட்டின் மேலேயே இருந்தது. வெர்மொன்ட்காரருக்கு ஒரு கதவு, கனடாக்காரருக்கு ஒரு கதவு. உள்ளே போனால் எல்லோரும் 'சகோதரர்'.

1812 ஜூனில் அமெரிக்கா பிரித்தானியா மீது போர் அறிவித்தது. ஒரே மண்டபத்தில் இருந்தவர்கள் ஒரே நாளில் எதிரி நாட்டவர்கள் ஆனார்கள். கனடாப் பக்கத்தார் விலகி, போர் முடியும் முன்னரே ஸ்டான்ஸ்டெட்டில் 'கோல்டன் ரூல்' என்ற தனி லொட்ஜை அமைத்துக்கொண்டார்கள். போர் நடக்கும்போதும் வெர்மொன்ட் விவசாயிகள் பிரித்தானியப் படைக்கு மாடு விற்றார்கள் என்பது வேறு கதை. வியாபாரத்துக்கு எல்லை தெரியாது. சங்கத்துக்குத்தான் தெரிந்தது போலும்.

பிறகு நடந்ததுதான் எமக்கு முக்கியம். மெம்ப்ரிமேகொக் ஏரி இரண்டு நாட்டிலும் கிடக்கிறது. அதன் கரையில், கனடாப் பக்கம், 'ஆந்தைத் தலை' என்று அவர்கள் சொல்லும் ஒரு மலை. உயரம் சுமார் 750 மீற்றர். 1857இலிருந்து கோல்டன் ரூல் லொட்ஜ் ஜூன் 24 புனித யோவான் தினத்தை ஒட்டி அந்த மலையில் ஏறி, உச்சிக்கருகில் உள்ள பாறைப் பிளவுக்குள் கூட்டம் வைக்கிறது. கூரையும் இல்லை, கதவும் இல்லை. எல்லைக்கு அப்பாலுள்ள லொட்ஜ்களிலிருந்தும் சகோதரர்கள் வந்து சேர்ந்து ஏறுகிறார்கள். ஒரு லொட்ஜுக்குப் புதிதாக வருபவரைச் சைகையும் சொல்லும் கேட்டுச் சோதித்த பிறகே உள்ளே விடுவது அவர்களுடைய வழக்கம். எந்த நாட்டுக்காரர் என்பது அந்தச் சோதனையில் இல்லை.

அதே ஊர்களில் எல்லை மேல் கட்டிய இன்னொரு கட்டடமும் உண்டு. ஹாஸ்கல் நூலகம், 1900களின் தொடக்கத்தில் கட்டியது. வாசல் அமெரிக்காவில், புத்தகங்களில் பெரும்பகுதி கனடாவில். வாசிப்பறைத் தரையில் கறுப்புக்கோடு. 2017இல் அமெரிக்கா சில முஸ்லிம் நாட்டவருக்குப் பயணத்தடை போட்ட பின், அங்கு படித்த ஈரானிய மாணவர்கள் கனடாப் பக்கமாக வந்த உம்மா, வாப்பாவைக் கண்டு கட்டிப்பிடித்து அழுதது அந்த அறைக்குள்தான். இதை வாசித்தபோது எங்களுக்கும் நெஞ்சடைத்தது.

2025இல் கனடாக்காரர் அந்த அமெரிக்க வாசலால் போய்வரும் பழைய வழக்கத்தை நிறுத்துவதாக அமெரிக்க அதிகாரிகள் அறிவித்தார்கள். நூலகத்தார் கனடாப் பக்கம் இருந்த அவசரக் கதவைத் திறந்துவிட்டு, புது வாசல் கட்டக் காசு சேர்த்தார்கள். கனடிய நாவலாசிரியை லூயிஸ் பென்னி 50,000 டொலர் கொடுத்தார். இப்போது அந்தக் கட்டடத்துக்கும் ஆளுக்கொரு கதவு.