கட்டும் கணக்கேடும்: திருவண்ணாமலையும் முதியோரின் இடுப்பு முறிவும்

அருணாசலேசுவரர் கோயிலிலிருந்து செங்கம் சாலையில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் தொலைவில் உள்ள ரமணாசிரமம் பகுதி, முதுமையைக் கழிப்பதற்கென்றே பலர் வந்து சேரும் இடமாக ஒரு நூற்றாண்டுக் காலத்தில் உருவாகியது. 1896இல் திருவண்ணாமலைக்கு வந்த ரமண மகரிஷி, தம் அன்னை அழகம்மாள் 1922இல் மறைந்தபின் அவருடைய சமாதி அமைந்த மலையடிவாரத்துக்கே இறங்கி வந்து தங்கியதால் அங்கே ஆசிரமம் எழுந்தது. அதைச் சுற்றி வீடுகளும் வாடகை அறைகளும் பெருகின. ஓய்வூதியத்தோடு வந்தவர், குடும்பத்தைத் துறந்து வந்தவர், கடல் கடந்து வந்தவர், கிரிவலப் பாதையின் ஓரத்திலேயே வாழும் சாதுக்கள் என இங்குள்ள முதியோரில் பலர் தனித்து வாழ்பவர்கள். இத்தகைய ஊரில் முதியோரின் இடுப்பு முறிவு எப்படிக் கவனிக்கப்பட்டு வந்தது என்பது மருத்துவ வரலாற்றில் தனியே எழுதப்படவேண்டிய ஒரு பகுதியாகும்.

பேச்சு வழக்கில் 'இடுப்பு உடைந்துவிட்டது' என்று சொல்லப்படுவது, உண்மையில் தொடை எலும்பின் மேல்முனை, அதாவது இடுப்புக் குழியில் பொருந்தும் பந்துக்குச் சற்றுக் கீழே உள்ள கழுத்துப் பகுதியோ அதை அடுத்த பகுதியோ முறிவதாகும். வயதால் எலும்பு உள்ளீடற்று மெலிந்துபோன நிலையில், குளியலறையில் ஒருமுறை வழுக்கினாலும் கட்டிலிலிருந்து இறங்கும்போது தடுமாறினாலும் அது போதும். விழுந்தவர் எழ முடியாமல் கிடப்பார். அடிபட்ட கால் மற்றதைவிடக் குட்டையாகி, பாதம் வெளிப்புறமாகத் திரும்பியிருக்கும். தேர்ந்த கண்ணுக்கு அந்தப் பாதமே போதிய அடையாளம்.

முதுமையில் நேரும் வீழ்ச்சி இப்பகுதியின் நினைவில் வேறொரு வகையிலும் பதிந்திருக்கிறது. ஓர் அணிலைத் துரத்திய நாயைத் தடுக்கத் தம் கைத்தடியை இடையே வீசிய ரமணர், சறுக்கி விழுந்து தோள்பட்டைக் காறை எலும்பு முறிந்தவர். பின்னர் இடக்கையில் தோன்றிய புற்றுக்கட்டிக்காக 1949இல் அவருக்கு நான்கு முறை அறுவை சிகிச்சை நடந்தது. அலோபதி மருத்துவரோடு பச்சிலை வைத்தியரும் பிற முறையினரும் அடுத்தடுத்து முயன்றனர். ஒரே நோயாளியின் பக்கத்தில் பல வைத்திய முறைகள் வரிசையாக வந்து நின்ற அந்தக் காட்சி, அன்றைய வட ஆற்காட்டு மக்களின் பொது அனுபவத்திலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று.

எலும்பு முறிவைப் பொறுத்தவரை அந்த வரிசையின் முதலிடம் கட்டு வைத்தியருக்கே இருந்தது. ஆந்திர எல்லையிலுள்ள புத்தூரின் பெயரால் வழங்கும் 'புத்தூர் கட்டு' தமிழகத்தின் வட மாவட்டங்கள் எங்கும் பெயர்பெற்றது. முறிந்த இடத்தைக் கைவிரலால் தடவி, விலகிய முனைகளை இழுத்து நேராக்கி, அரைத்த பச்சிலையும் முட்டை வெள்ளைக்கருவும் தடவிய துணியைச் சுற்றி, மேலே மூங்கில் பட்டைகளை வைத்து இறுக்குவது அதன் முறை. முன்கையிலும் கணுக்காலுக்கு மேலும் இக்கட்டு பலருக்குப் பயன்பட்டதனாலேயே மக்கள் அதை நம்பினர். அந்த நம்பிக்கையை அறியாமை என்று ஒதுக்குவது வரலாற்றுக்கு நியாயம் செய்வதாகாது. ஆனால் இடுப்பில் நிலைமை வேறு. தடித்த தசைகளின் ஆழத்தில் கிடக்கும் அந்த எலும்பை எந்தப் பட்டையும் வெளியிலிருந்து பிடித்து நிறுத்த முடியாது. மேலும் கழுத்துப் பகுதி முறியும்போது பந்துக்குச் செல்லும் இரத்த ஓட்டமே அறுபடக்கூடும். மூட்டை மூடியிருக்கும் உறைக்குள் நேரும் முறிவு கூடுவதில்லை என்று லண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் 1822இலேயே எழுதி, அத்தகைய முதியவரை நீண்ட நாள் படுக்கவைப்பதைவிட விரைவில் எழுப்பி உட்காரவைப்பதே உயிரைக் காக்கும் என்றும் அறிவுறுத்தியிருந்தார்.

மருத்துவமனைகளும் நெடுங்காலம் படுக்கையையே மருந்தாக்கின. காலில் எடை கட்டிக் கட்டிலின் விளிம்பில் தொங்கவிட்டு வாரக்கணக்கில் கிடத்தும் முறையில், எலும்பு கூடுவதற்கு முன்பே படுக்கைப் புண்ணும் நுரையீரல் சளியும் முந்திக்கொண்டன. 1931இல் பாஸ்டனைச் சேர்ந்த ஸ்மித்-பீட்டர்சன் வெளியிட்ட மூன்று விளிம்பு ஆணியும், 1950களில் பரவிய ஆஸ்டின் மூரின் உலோகப் பந்தும் அந்தப் படுக்கையிலிருந்து முதியவரை எழுப்பின. திருவண்ணாமலைக்கு இவ்வறிவு வந்த வழி பெரும்பாலும் வேலூர்தான். 1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டமாகும் வரை வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரும் அதுவே, 1946இல் பால் பிராண்ட் வந்து சேர்ந்த கிறித்தவ மருத்துவக் கல்லூரி இருந்ததும் அங்கேயே. விபத்தில் தண்டுவடம் முறிந்து சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே மருத்துவம் செய்த மேரி வர்கீசு, நோயாளியை மீண்டும் வீட்டு வாழ்க்கைக்குத் தயார்ப்படுத்தும் மறுவாழ்வுத் துறையை அங்கே வளர்த்தார். ஆணி அடிப்பதோடு வேலை முடிவதில்லை என்பதை இந்திய மருத்துவம் முதலில் கற்ற இடங்களில் ஒன்று அது.

எனினும் இக்கதையின் பெரிய திருப்பம் எந்தக் கருவியாலும் நேர்ந்ததன்று. இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில் எலும்பு மருத்துவர் மைக்கேல் டேவாஸ், முதியோர் மருத்துவரோடு சேர்ந்து ஒரே வார்டில் நோயாளிகளைப் பார்த்தார். முறிந்த எலும்பை ஒருவர் கவனிக்க, அதன் உடையவரின் இதயத்தையும் சிறுநீரகத்தையும் மனக்குழப்பத்தையும் மற்றவர் கவனிப்பார். 1988இல் சுவீடன் நாடு தழுவிய இடுப்பு முறிவுப் பதிவேட்டைத் தொடங்கியது. அதன் சிறப்பு, அறுவை அறையோடு நின்றுவிடாமல், நான்கு மாதம் கழித்து நோயாளி எங்கே வசிக்கிறார், எப்படி நடக்கிறார் என்று கேட்டதே. 1993இல் ஸ்காட்லாந்தும் 2007இல் தேசியத் தரவுத்தளம் ஒன்றின் வழியாக இங்கிலாந்தும் இதைப் பின்பற்றின. 2010 முதல், 36 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை, முதியோர் மருத்துவரின் பார்வை போன்ற விதிகளை நிறைவேற்றிய மருத்துவமனைக்குக் கூடுதல் தொகை தரப்பட்டது. முறிவுக்குப் பின் 30 நாட்களுக்குள் இறப்போர் 2007இல் 10.9 சதவீதமாக இருந்தது, 2011இல் 8.5 சதவீதமாகக் குறைந்தது. புதிய மருந்து எதுவுமின்றி, நடப்பதை எழுதிவைத்து ஒப்பிட்டுத் திருத்தியதால் காக்கப்பட்ட உயிர்கள் அவை. மருத்துவ வரலாற்றில் இதைவிட மதிக்கத்தக்க செயல்கள் மிகச் சிலவே. வேகம் மட்டுமே எல்லாம் என்பதும் தவறு: இந்தியா உட்பட 17 நாடுகளில் 2,970 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், சில மணி நேரத்துக்குள்ளேயே அறுவை செய்தது இறப்பைக் குறைக்கவில்லை, ஆனால் மனக்குழப்பம் குறைந்தது, நோயாளிகள் சீக்கிரமே எழுந்து நின்றனர்.

தமிழ்நாட்டில் இத்தகைய கவனிப்புக்கான கூறுகள் தனித்தனியாக வளர்ந்தன. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978இல் வி. எஸ். நடராசன் முதியோருக்கெனப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 2008இல் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டே அரசுக் காப்பீடு வந்தது. 2013இல் திருவண்ணாமலைக்கே அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசின் பொறுப்பாக்கியது. கிரிவலப் பாதையில் வண்டி மோதி விழுந்த மூதாட்டிக்கு உரிய அந்த 48 மணி நேரம், தன் அறையின் வாசற்படியில் தடுக்கி விழுந்தவருக்கு இல்லை. முறிந்ததோ இருவருக்கும் அதே எலும்பு.

அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர், அதாவது பயிற்சியாலும் அசைவாலும் உடலை மீட்பவர், வீட்டுக்கே வருகிறார். சுவீடனின் நான்காம் மாதக் கேள்வியை இங்கே கேட்கக்கூடியவர் அவர்தான்: விழுந்த நேரம், மருத்துவமனை சேர்ந்த நேரம், கத்தி வைத்த நேரம், மறுநாள் எழுந்து நின்றாரா, புண் கண்டதா, இப்போது கோலோடு நடக்கிறாரா, வாக்கரோடா, பழைய அறைக்கே திரும்பினாரா என ஒரு பக்கத்தில் அடங்கும் கட்டங்கள் போதும். தொலைபேசியில் விசாரித்து நிரப்பும் வேலை ரமணாசிரமத்தைச் சுற்றிய தெருக்களில் நடவாது. பல அறைகளில் எடுத்துப் பதில் சொல்ல இரண்டாமவர் இல்லாததால், அங்கே கதவைத் தட்டித்தான் கேட்க வேண்டியிருக்கும்.