பிறகு படிக்க எடுத்துவைத்தவை

பத்திரிகைகளில் யாரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தேடிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டு 1879இல் பாரிஸில் ஒரு நிறுவனம் தோன்றியது. ஆர்கஸ் டி லா பிரெஸ் என்பது அதன் பெயர். புகழ்ச்சியோ வசையோ, தங்களைப் பற்றி வந்த எதுவும் தப்பிவிடக் கூடாது என்று நினைத்த கலைஞர்கள் பணம் கட்டினார்கள். இரண்டே ஆண்டில் ஹென்றி ரோமைக்கே இதே தொழிலை லண்டனில் தொடங்கி, பிறகு நியூயார்க்குக்கும் கொண்டுபோனார். கட்டுக்கட்டாக வரும் நாளிதழ்களை ஆட்கள் வரிவரியாகப் படிப்பார்கள். வாடிக்கையாளர் பெயர் கண்ணில் பட்டால் அந்தத் துண்டைக் கத்தரித்து, இதழின் பெயரும் தேதியும் உள்ள சீட்டில் ஒட்டித் தபாலில் சேர்ப்பார்கள்.

கத்தரிக்கோலும் பசையும் செய்துவந்த அந்த வேலையை 2003இல் கூகுள் அலர்ட்ஸ் இலவசமாக்கியது. ஒரு பெயரையோ சொல்லையோ எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். இணையத்தில் அது புதிதாகத் தென்படும்போது மின்னஞ்சல் வரும். இதை உருவாக்கிய பொறியாளர் நாகா கடாரு ஆந்திரத்தைச் சேர்ந்தவர். பின்னாளில் கூகுளை விட்டு விலகி, கலிபோர்னியாவில் பாதாம் விவசாயத்தில் இறங்கினார்.

செய்தி வந்ததை அறிவது ஒரு பாதி. அதை எடுத்துவைத்துச் சாவகாசமாகப் படிப்பது மறுபாதி. தமிழ் வீடுகளுக்கு இது புதிய பழக்கமல்ல. 1950 முதல் 1954 வரை கல்கியில் ‘பொன்னியின் செல்வன்’ வந்தபோது வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்து, மணியம் வரைந்த படங்களோடு பைண்டு செய்து வைத்தவர்கள் ஏராளம். கணினித் திரையில் மட்டும் இந்த மறுபாதிக்கு வெகுநாள் வழியில்லாமல் இருந்தது. உலாவியில் புத்தகக்குறி போட்டால் முகவரிதான் மிஞ்சும். அதுவும் அந்த ஒரு கணினியில்.

2007இல் நேட் வெய்னர் என்ற அமெரிக்க இளைஞர் ஃபயர்பாக்ஸ் உலாவிக்கு ஒரு சிறு நீட்சியை எழுதினார். பெயர் ‘ரீட் இட் லேட்டர்’. அடுத்த ஆண்டே டம்ளர் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த மார்கோ ஆர்மென்ட், இன்ஸ்டாபேப்பரைக் கொண்டுவந்தார். அவருடைய தேவை எளியது: அலுவலகத்தில் கண்ணில் படும் நீண்ட கட்டுரைகளை ரயிலில் போகும்போது ஐபோனில் படிக்க வேண்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் விளம்பரங்களும் ஓரப்பட்டைகளும் கழன்றுபோய், எழுத்து மட்டும் கைபேசியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். சிக்னல் இல்லாவிட்டாலும் கவலையில்லை.

2010 ஏப்ரல் 3 அன்று ஐபேட் விற்பனைக்கு வந்தபோது இந்தச் செயலிகளுக்கு நல்ல காலம் பிறந்தது. முதல் நாளிலேயே 3 லட்சம் விற்றதாக ஆப்பிள் சொன்னது. 9.7 அங்குலத் திரை, ஏறக்குறைய ஒரு பத்திரிகைப் பக்கம். சோபாவில் சாய்ந்து படிக்க ஏற்ற அளவு. அன்று கடைக்கு வந்தது வைஃபை மட்டும் உள்ள மாடல்தான். வாசல் தாண்டினால் இணையம் கிடையாது. எனவே கிளம்பும் முன் கட்டுரைகளை இறக்கி வைத்துக்கொள்வது சொகுசாக இல்லை, தேவையாகவே இருந்தது. அதே ஆண்டு ஜூலையில் வந்த ஃபிளிப்போர்டு என்ற செயலி, செய்தி இணைப்புகளையெல்லாம் வார இதழ் போலப் புரட்டும் பக்கங்களாக அடுக்கிக் காட்டியது. டேப்லெட்டின் பொற்காலம் என்று அந்த இரண்டு மூன்று ஆண்டுகளைச் சொன்னால் மிகையில்லை.

பணம் யாருக்குப் போவது என்ற கேள்வியும் அப்போதே எழுந்துவிட்டது. விளம்பரத்தைக் கழற்றிவிட்டுப் படித்தால் எழுதியவருக்கு என்ன கிடைக்கும்? இதற்கு நேர்மையாக விடை தேடியது ரீடபிலிட்டி என்ற சேவை. 2011இல் வாசகரிடம் மாதம் குறைந்தது 5 டாலர் வாங்கி, அதில் 70 சதவீதத்தைப் பதிப்பாளர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் பிரித்துக் கொடுக்கத் திட்டமிட்டது. நல்ல யோசனைதான். ஆனால் ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ள ஆளே வரவில்லை! அடுத்த ஆண்டே திட்டம் கைவிடப்பட்டது. 2016இல் சேவையும் மூடப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் முன்பே பொதுவில் விட்டிருந்த நிரல்தான் சஃபாரி உலாவியின் ‘ரீடர்’ வசதிக்கு அடிப்படையானது. அதன் வழிவந்த நிரல் ஃபயர்பாக்ஸில் இன்றும் வேலை செய்கிறது.

மற்றவற்றின் கதையும் பெரும்பாலும் சாவுக் கணக்குதான். 2005இல் வந்த கூகுள் ரீடர், பல தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டித் தந்தது. எத்தனையோ பேர் கெஞ்சியும் கேளாமல் 2013 ஜூலை 1 அன்று கூகுள் அதை மூடியது. இன்ஸ்டாபேப்பர் 2013இல் பீட்டாவொர்க்ஸ், 2016இல் பின்டரெஸ்ட் என்று கைமாறி, 2018இல் தனி நிறுவனமாகி, சந்தாப் பணத்தில் தப்பிப் பிழைத்திருக்கிறது. ரீட் இட் லேட்டர் 2012இல் பாக்கெட் என்று பெயர் மாறி இலவசமானது. 2017இல் மொசில்லா அதை வாங்கியபோது மாதம் 1 கோடிப் பேர் பயன்படுத்தினார்கள். அப்படிப்பட்ட பாக்கெட்டும் 2025 ஜூலை 8 அன்று நின்றுபோனது. ஆள் இல்லாமல் செத்த கடைகள் அல்ல இவை. கூட்டம் இருந்தது, கல்லாவில்தான் எதுவும் விழவில்லை. இலவசம் என்று நாம் கொண்டாடியதே இவற்றுக்கு நோயாயிற்று என்றுதான் சொல்ல வேண்டும்.

பாக்கெட்டை மூடியபோது, சேமித்தவற்றை இறக்கிக்கொள்ளச் சில மாதம் அவகாசம் தந்தார்கள். ஆனால் கைக்கு வந்தது தலைப்புகளும் இணைப்பு முகவரிகளும் கொண்ட பட்டியல், கட்டுரைகள் அல்ல. அந்த இணைப்புகள் எத்தனை நாளுக்குத் திறக்கும்? 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தே ஆண்டில் காணாமல் போய்விட்டதாக பியூ ஆய்வு மையம் 2024இல் கணக்கிட்டது.

ஆகவே, உங்கள் டேப்லெட்டில் ‘பிறகு படிக்க’ என்று நூற்றுக்கணக்கில் சேர்ந்திருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவற்றுள் நிச்சயம் வேண்டியதை மட்டும் பிடிஎஃப் கோப்பாக உங்கள் கணினியில் இறக்கி வையுங்கள். இணைப்பை மட்டும் நம்பாதீர்கள்.