சொகுசு காரை கொடுத்துட்டு ‘ஹாட் ஹேட்ச்’ வாங்கலாமா? காசு மிச்சமாகுமா, கையைக் கடிக்குமா? முழு விவரம்

வாசலில் நிற்பது 387 குதிரைத்திறன் கொண்ட சொகுசு செடான். ஆனால் அது தினமும் ஓடுவதோ கிண்டிக்கும் சோழிங்கநல்லூருக்கும் நடுவே, சிக்னலுக்கு சிக்னல் நின்று நின்று. பார்க்கிங்கில் திருப்பினால் தூண் இடிக்குமோ என்ற பயம். டயர் மாற்றினாலே பெரிய செலவு. "இவ்ளோ பவரை வச்சிக்கிட்டு என்னதான் பண்றது?" என்ற கேள்வி வருவது இயல்புதான்.

அப்போது கார் பிரியர்கள் சொல்லும் ஒரு யோசனை, "அதைக் கொடுத்துட்டு ஒரு ஹாட் ஹேட்ச்பேக் வாங்கிடு" என்பது. சின்ன கார், ஆனா விறுவிறுன்னு ஓடும். ஐரோப்பாவில் இது பழகிப்போன பாதை. இந்தியாவில், அதிலும் தமிழ்நாட்டில், இந்தக் கணக்கு அப்படியே பொருந்துமா? பார்க்கலாம்.

ஹாட் ஹேட்ச்பேக் என்றால் என்ன?

பின்பக்கக் கதவு கண்ணாடியோடு சேர்ந்து மேலே திறக்கும் சின்ன குடும்பக் கார்தான் ஹேட்ச்பேக். ஸ்விஃப்ட், ஐ20, ஆல்ட்ராஸ் எல்லாம் இந்த வகை. அதே உடம்பில் வலுவான இன்ஜின், இறுக்கமான சஸ்பென்ஷன், பெரிய பிரேக் கொடுத்தால் அது ஹாட் ஹேட்ச்பேக்.

இந்த வகையை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ. 1975 ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அறிமுகமாகி, 1976-ல் விற்பனைக்கு வந்தது. எடை சுமார் 810 கிலோ, சக்தி 110 பிஎஸ். இன்றைய கணக்கில் இது பெரிய எண் இல்லை. ஆனால் அவ்வளவு லேசான வண்டிக்கு அது தாராளம். 5,000 கார் விற்றால் போதும் என்றுதான் நிறுவனம் நினைத்தது. முதல் தலைமுறை மட்டுமே 4.6 லட்சத்துக்கு மேல் விற்றது. அந்தக் காரின் கட்டம் போட்ட சீட் துணியையும், கோல்ஃப் பந்து வடிவ கியர் குமிழையும் வடிவமைத்தவர் குன்ஹில்ட் லில்யெக்விஸ்ட் என்ற பெண்.

காய்கறி வாங்கவும் ஆகும், வார இறுதியில் மலைப்பாதையில் ஆசை தீர ஓட்டவும் ஆகும். ஒரே வண்டியில் இரண்டு வேலை என்பதே ஹாட் ஹேட்சின் அடிப்படை.

சொகுசு காரை விட மெதுவாக ஓடுமா?

எந்தக் காரோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

2021-ல் அறிமுகமான பிஎம்டபிள்யூ எம்340ஐ செடானை எடுத்துக்கொள்வோம். இது செங்கல்பட்டு அருகே மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் உள்ள பிஎம்டபிள்யூ ஆலையில் பூட்டப்படும் கார். 3 லிட்டர், 6 சிலிண்டர் இன்ஜின், 387 குதிரைத்திறன். பூஜ்யத்தில் இருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 4.4 நொடியில் தொடும். 2025 மே மாதம் இந்தியாவுக்கு வந்த கோல்ஃப் ஜிடிஐ-க்கு 2 லிட்டர் இன்ஜின், 265 பிஎஸ் சக்தி. அதே வேகத்துக்கு 5.9 நொடி ஆகும். ஒன்றரை நொடி வித்தியாசம்.

இப்போது அதே ஆலையில் பூட்டப்படும் பெரிய கார், பிஎம்டபிள்யூ 530எல்ஐ. சக்தி 258 குதிரைத்திறன், 100-ஐத் தொட 6.5 நொடி. அதாவது விலையில் கோல்ஃபை விடப் பெரிய இந்தக் கார், வேகத்தில் கோல்ஃபுக்குப் பின்னாடிதான். காரணம் எடை. சின்ன வண்டியை இழுக்க பெரிய இன்ஜின் தேவையில்லை.

ஆனால் வேகம் மட்டும் சொகுசு கார் இல்லை. உள்ளே சத்தம் கேட்காத அமைதி, குழியில் இறங்கினாலும் குலுங்காத ஓட்டம், பின்சீட்டில் கால் நீட்டும் இடம் எல்லாம் சேர்ந்துதான் அது. ஹாட் ஹேட்ச்சில் சஸ்பென்ஷன் இறுக்கம். நம்ம ஊர் சாலையின் மேடு பள்ளம் முதுகுக்கு நன்றாகவே தெரியும்.

இடவசதி: எது நிஜமாகவே வசதி?

530எல்ஐ காரின் நீளம் 5,165 மில்லிமீட்டர். தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கான அளவு 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். அடுக்குமாடியில் கோடு போட்ட இடத்தைத் தாண்டி மூக்கு நீட்டிக்கொண்டு நிற்கும். எம்340ஐ சுமார் 4.7 மீட்டர். கோல்ஃப் ஜிடிஐ 4,289 மில்லிமீட்டர்தான். 530எல்ஐ-யை விட கிட்டத்தட்ட முக்கால் மீட்டருக்கும் மேல் குறைவு. திருப்பவும் நிறுத்தவும் இந்த வித்தியாசம் தினமும் கைகொடுக்கும்.

டிக்கியைப் பொறுத்தவரை, செடானில் லிட்டர் கணக்கில் இடம் அதிகம். கோல்ஃபில் சுமார் 380 லிட்டர்தான். ஆனால் பின்சீட்டை மடக்கிவிட்டால் கதை மாறும். வாய் அகலமாகத் திறப்பதால் சைக்கிள், வாஷிங் மெஷின் மாதிரி பெரிய பொருளை ஹேட்ச்பேக்கில் ஏற்றலாம். செடான் டிக்கியின் வாயில் அது நுழையாது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீங்கள் டிரைவர் வைத்து, பின்சீட்டில் உட்கார்ந்து போகிறவர் என்றால் இந்த மாற்றம் உங்களுக்கானது இல்லை. ஹாட் ஹேட்ச் ஸ்டீயரிங் பிடிப்பவருக்கான கார். வீட்டில் முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் இருந்தால், தாழ்வான சீட்டில் ஏறி இறங்குவது சிரமமா என்று அவர்களையே உட்கார வைத்துப் பாருங்கள்.

சரி, காசு மிச்சமாகுமா?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். "சின்ன காருக்குத்தானே மாறுறோம், கையில கொஞ்சம் பணம் வரும்" என்ற எண்ணம் இந்தியாவில் பெரும்பாலும் பலிக்காது.

காரணம், நம் வரி விதிகள் சொகுசு கார், ஹாட் ஹேட்ச் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. இன்ஜின் அளவு, நீளம், விலை ஆகியவற்றைத்தான் பார்க்கின்றன.

- ஜிஎஸ்டி: 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் இன்ஜினும் உள்ள பெட்ரோல் கார்களுக்கு 18 சதவீதம். இதைத் தாண்டிய பெட்ரோல் கார்களுக்கு 40 சதவீதம். இரண்டு நிபந்தனையும் சேர்ந்து பொருந்த வேண்டும். மினி கூப்பர் எஸ் 4 மீட்டருக்குள் அடங்கும், ஆனால் இன்ஜின் 2 லிட்டர். அதனால் அதற்கும் 40 சதவீதம்தான்.

- சாலை வரி: தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட ஆயுள் வரிப்படி, 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13 சதவீதம், 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். 

- மூன்றாம் நபர் இன்சூரன்ஸ்: 2022 ஜூனில் அமலான கட்டணப்படி, 1,000 சிசி வரை ஆண்டுக்கு ரூ.2,094, 1,500 சிசி வரை ரூ.3,416, அதற்கு மேல் ரூ.7,897. எம்340ஐ-க்கும் கோல்ஃப் ஜிடிஐ-க்கும் ஒரே கட்டணம்.

ஆக, அரசின் பார்வையில் 6 சிலிண்டர் பிஎம்டபிள்யூவும் கோல்ஃபும் ஒரே தட்டில்தான் இருக்கின்றன. கோல்ஃப் ஜிடிஐ முழுதாகத் தயாரான நிலையில் இறக்குமதியாவதால் சுங்க வரியும் தனியாக ஏறுகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம்

2021-ல் எம்340ஐ அறிமுக எக்ஸ்-ஷோரூம் விலை ரூ.62.90 லட்சம். இன்சூரன்ஸில் காரின் மதிப்பைக் கணக்கிடும் தேய்மான அட்டவணைப்படி, நான்கு வயதைத் தாண்டி ஐந்து வயதுக்குள் இருக்கும் காருக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். இது சந்தை விலை அல்ல, ஆனாலும் ஒரு உத்தேசத்துக்கு உதவும். அந்த அறிமுக விலையையே அடிப்படையாக வைத்தால் மதிப்பு ரூ.31.45 லட்சம்.

கோல்ஃப் ஜிடிஐ 2025 மே அறிமுக விலை சுமார் ரூ.53 லட்சம். 20 சதவீத ஆயுள் வரி ரூ.10.60 லட்சம். 10 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்குப் பிடிக்கும் 1 சதவீத டிசிஎஸ் ரூ.53,000. இந்த டிசிஎஸ் தொகையை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். மொத்தம் ரூ.64 லட்சத்தைத் தாண்டுகிறது, இன்சூரன்ஸ் தனி. (அறிமுகத்துக்குப் பிறகு ஜிஎஸ்டி விகிதம் மாறியிருப்பதால், இன்றைய விலையை ஷோரூமில் கேட்டுக்கொள்ளவும்.)

அதாவது, பவர் குறைந்த, அளவில் சிறிய காருக்கு மாற ரூ.32 லட்சத்துக்கு மேல் கையில் இருந்து போட வேண்டும். பழைய காருக்கு நீங்கள் கட்டிய ஆயுள் வரியும் திரும்ப வராது. அதன் பலன் அடுத்து வாங்குபவருக்குத்தான் போகும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இந்த வகை கார்கள் இந்தியாவுக்குக் குறைந்த எண்ணிக்கையில்தான் வருகின்றன. 2016 நவம்பரில் 3 கதவு போலோ ஜிடிஐ ரூ.25.99 லட்சத்துக்கு வந்தது. விற்பனை மந்தமாக, அடுத்த ஆண்டே சுமார் ரூ.6 லட்சம் குறைக்கப்பட்டது. முதலில் வாங்கியவர்களின் கார் மதிப்பு ஒரே நாளில் இறங்கியது.

அப்போ என்னதான் வழி?

முதல் வழி, செகண்ட் ஹேண்ட் ஹாட் ஹேட்ச். தமிழ்நாட்டுப் பதிவெண் உள்ள காராக இருந்தால் ஆயுள் வரியை முதல் உரிமையாளரே கட்டியிருப்பார். முதல் சில ஆண்டுகளின் பெரிய தேய்மானமும் அவர் தலையில் போயிருக்கும். வெளி மாநில கார் மலிவாகத் தெரியும். ஆனால் இங்கே பதிவு மாற்றும்போது வயதுக்கு ஏற்ப மறுபடி வரி கட்ட வேண்டும். அதையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

இரண்டாவது வழி, ‘வார்ம் ஹேட்ச்’. அதாவது முழு சூடு இல்லை, வெதுவெதுப்பு. ஸ்ரீபெரும்புதூர் ஹூண்டாய் ஆலையில் தயாராகும் ஐ20 என் லைன் 998 சிசி டர்போ இன்ஜின், 120 பிஎஸ். 2024 ஜூனில் வந்த டாடா ஆல்ட்ராஸ் ரேசர் 1,199 சிசி, அதுவும் 120 பிஎஸ். இரண்டுமே 18 சதவீத ஜிஎஸ்டி வரம்புக்குள் அடங்கும். 387 குதிரைத்திறனில் இருந்து வருபவருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் ‘கையில் பணம் மிஞ்சணும்’ என்பதுதான் நோக்கம் என்றால், உண்மையில் மிஞ்சுவது இந்த வழியில்தான்.

மூன்றாவது வழி, மாற்றாமலே இருப்பது. கடன் முடிந்து, வாரன்டியும் மிச்சமிருக்கும் சொகுசு கார் என்றால், அதைக் கொடுத்துவிட்டுப் புதிய கோல்ஃப் வாங்குவதை விட அதையே ஓட்டுவது மலிவு. வாரன்டி முடியப்போகிறது, பெரிய சர்வீஸ் செலவு காத்திருக்கிறது என்றால் அது வேறு கணக்கு.

எக்ஸ்சேஞ்ச் செய்யும்போது மறக்கக் கூடாதவை

- என்சிபி உங்களுக்கு சொந்தம்: க்ளைம் செய்யாமல் இருந்ததற்கான போனஸ் காருக்கு இல்லை, உரிமையாளருக்கு. சொந்த சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் வரை கழிவு கிடைக்கும். பழைய காரை விற்கும்போது இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் என்சிபி கடிதம் வாங்கி, புதிய காருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 3 ஆண்டுகள் வரை செல்லும்.

- டீலர் விலை ஏன் குறைவு: பழைய காரை வாங்கி விற்கும் டீலர் தனது லாபத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி கட்ட வேண்டும். 30 லட்சத்துக்கு வாங்கி 33 லட்சத்துக்கு விற்றால், 3 லட்சத்துக்கு வரி ரூ.54,000. அதையும் கணக்கில் வைத்துத்தான் உங்களுக்கு விலை சொல்வார். தனி நபர் தன் சொந்தக் காரை இன்னொருவருக்கு நேரடியாக விற்றால் இந்த வரி இல்லை.

- ஆர்.சி. பெயர் மாற்றம்: இதுதான் மிக முக்கியம். பெயர் மாறாத கார் விபத்தில் சிக்கினால், ஆர்.டி.ஓ. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. கார் நாலு கை மாறியிருந்தாலும் இதே நிலைதான். படிவம் 29, 30-ல் கையெழுத்து போட்டுக் கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். அங்கீகாரம் பெற்ற டீலர் என்றால், கார் ஒப்படைக்கப்பட்டதை படிவம் 29சி மூலம் ஆன்லைனில் பதிவு செய்யும் வசதி 2023 ஏப்ரல் முதல் உள்ளது. அந்த ரசீது கைக்கு வந்த பிறகே சாவியைக் கொடுங்கள்.

- கடன், ஃபாஸ்டேக்: கடன் முடிந்திருந்தாலும் ஆர்.சி.யில் வங்கி பெயர் இருக்கலாம். தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி நீக்குங்கள். பழைய ஃபாஸ்டேக்கை மூடிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்தவர் போகும் சுங்கச்சாவடிக்கு உங்கள் கணக்கில் காசு போகும்.

மொத்தத்தில்...

சொகுசு காரில் இருந்து ஹாட் ஹேட்சுக்கு மாறுவதில் லாபம் உண்டு. அது பார்க்கிங்கில், டிராஃபிக்கில், ஸ்டீயரிங் பிடிக்கும் சந்தோஷத்தில் கிடைக்கும் லாபம். பணத்தில் கிடைக்கும் என்று நினைத்துப் புதிய கார் வாங்கப் போனால் ஏமாற்றம்தான். ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு தாளில் மூன்று எண்களை எழுதுங்கள்: பழைய காருக்கு இன்று கிடைக்கும் விலை, புதிய காரின் ஆன்-ரோடு விலை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். அந்த மூன்றாவது எண்ணைப் பார்த்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால், அப்புறம் டெஸ்ட் டிரைவுக்குப் போகலாம்.